வடிதட்டுக்கு எடுத்த படம்

நீடாமங்கலத்தில் ரயில் கேட் போட்டால் ஊரே நிற்கும். என் ஸ்டுடியோவும் நிற்கும். கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அது. ரயில் போகும்போது தரை லேசாக அதிரும். மனிதர்களுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். மெதுவான ஷட்டரில் எடுத்த படத்தில் பாட்டில் மூடியின் விளிம்பு இரண்டாகத் தெரியும். அதனால் அந்த வழியாகப் போகிற பயணிகள் வண்டிகளின் நேரமெல்லாம் எனக்கு மனப்பாடம். சரக்கு வண்டி மட்டும் சொல்லிக்கொண்டு வராது. அதோடு எனக்குத் தீராத பகை.

நான் ஆன்லைன் கடைகளுக்குப் பொருட்களைப் படம் எடுப்பவள். வெள்ளைப் பின்னணியில் பொருளைத் தனியாக நிறுத்தி எடுப்பது ஒரு வகை. அதே பொருள் ஒரு வீட்டில் புழங்குவது போல எடுப்பது இன்னொரு வகை. அதற்கு எங்கள் தொழிலில் லைஃப்ஸ்டைல் படம் என்று பெயர். சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் ஆறு வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பி வந்து போர்டு மாட்டிய புதிதில் படியேறி வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். கல்யாணத்துக்கு எடுப்பீங்களா? மாட்டேன். பாஸ்போர்ட் சைஸ்? மாட்டேன். பின்னே எதைத்தாம்மா எடுப்பீங்க? சோப்பு டப்பா எடுப்பேன் என்றேன் ஒருவரிடம். பாவம் என்பது போலப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

இதைச் சொல்வதற்குக் காரணம், அப்போது எனக்கு இருந்த திமிர். நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்து, படித்து, பட்டணத்தில் பெரிய பெரிய கம்பெனிகளின் பொருட்களை எடுத்துவிட்டு வந்தவள் என்ற திமிர். அதில் பாதி நியாயமானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். மீதிப் பாதியைத்தான் ஒரு வடிதட்டு வந்து இறக்கிவைத்தது.

அதைக் கொண்டுவந்தவர் திருவாரூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மருமகள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கணவர் வளைகுடாவில் வேலை. அக்கா ஒரு நாள் சோறு வடிக்கும்போது தட்டு நழுவி, கொதிக்கிற கஞ்சி இடது கையில் கொட்டிவிட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தழும்பு. கை ஆறுவதற்குள் அவர் மனதில் ஒரு யோசனை வந்துவிட்டது. பானை வாயைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் கிளிப் வைத்த வடிதட்டு. படத்தை நோட்டில் வரைந்து, கும்பகோணத்தில் ஒரு பட்டறைக்காரரிடம் காட்டி, நான்கு முறை திருத்தி, ஐந்தாவது முறை சரியாக வந்ததும் ஒரு லோடு அடிக்கச் சொல்லிவிட்டார்.

"எங்க வீட்டு ஹால்ல சோபா இருக்கிறதே தெரியலம்மா. அத்தனையும் பெட்டி" என்றார்.

கடையில் வைத்துப் பார்த்திருக்கிறார். வாங்க வந்தவர்கள் பழைய தட்டையே வாங்கிப் போனார்கள். அதனால் ஆன்லைனில் போடலாம் என்று முடிவு செய்திருந்தார். கணவர் போனில் ஒரு பேச்சுப் பேசியிருந்தார். இரண்டு மாதத்தில் நான் லீவில் வருவேன், அதற்குள் பெட்டிகள் போய்விட்டால் இது உன் தொழில், உன் இஷ்டம். அப்படியே இருந்தால் எல்லாவற்றையும் பட்டறைக்கே திருப்பி அனுப்பி உருக்கிவிடலாம், பிறகு இந்தப் பேச்சே வேண்டாம். அவர் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார் என்றார் அக்கா. ஆனாலும் சொன்னது சொன்னதுதானே.

"ஒரு படம் நல்லா வந்துட்டா போதும். பாத்தவுடனே புரியணும்" என்றார்.

"அதை என்கிட்ட விடுங்கக்கா" என்றேன். எவ்வளவு அலட்சியமாகச் சொன்னேன் என்பது இப்போதும் காதில் கேட்கிறது.

ஸ்டுடியோவில் ஒரு மூலையில் நான் கட்டிவைத்திருந்த சமையலறை இருந்தது. பிளைவுட் சுவர், வெள்ளை டைல்ஸ் ஒட்டிய தாள், ஒரு கிரானைட் துண்டு, குழாய் வைத்த சிங்க். குழாயில் தண்ணீர் வராது, சிங்குக்கு அடியில் ஒரு வாளி. மன்னார்குடி கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் கைகளுக்கு மட்டும் மாடலாக வந்தாள். அழகான கைகள், ரோஸ் நிற நகப்பூச்சு. புழுங்கலரிசிச் சோறு விளக்கு வெளிச்சத்தில் பழுப்படித்தது என்று பாசுமதி வடித்தேன். ஆவி சரியாக எழும்பவில்லை, துணிக்கு நீராவி பிடிக்கிற கருவியைப் பின்னால் மறைத்து வைத்து ஆவி விட்டேன். அந்தப் பெண் பானையை இரண்டு கையாலும் தூக்கிச் சிங்கில் சாய்த்தாள். கஞ்சி கண்ணாடி போல விழுந்தது. சென்னையில் நூடுல்ஸ் வடிகட்டிகளை நான் எடுத்தது எல்லாம் அப்படித்தான். கை அதுவாக அதைச் செய்தது. இடையில் ஒரு சரக்கு வண்டி வந்து இருபது நிமிடத்தை விழுங்கியது தவிர வேறு தொந்தரவு இல்லை.

படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். பிறகு, "ரொம்ப அழகா இருக்கும்மா" என்று ஒரு குரல் பதிவு. அதன் கடைசியில் ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது போல ஒரு சின்ன இடைவெளி. அதை நான் பொருட்படுத்தவில்லை. அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார், அப்புறம் என்ன?

படம் ஏறிய இரண்டு வாரத்தில் விற்றது கைவிரலுக்குள் அடங்கியது. ஆனால் பொருளுக்குக் கீழே கேள்வி கேட்கிற இடம் இருக்கிறதே, அது மட்டும் நிறைந்துகொண்டே போனது. நூடுல்ஸுக்கா என்று ஒருவர் கேட்டார். பாஸ்தாவுக்கு ஓட்டை பெரிதாக இல்லையே என்று இன்னொருவர். தமிழிலேயே ஒரு அம்மா எழுதியிருந்தார்: "கஞ்சியை சிங்கில் ஊற்றுகிற வீட்டுக்கு வடிதட்டு எதற்கு? குக்கர் வைத்துக்கொள்ளுங்கள்." அதற்குக் கீழே ஆமாம் ஆமாம் என்று ஒரு வரிசை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று வாய்விட்டே திட்டினேன். அன்று மத்தியானம் நடவு முடிந்து வந்த என் அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என் போனை எட்டிப் பார்த்தார். இப்போது எங்களுக்கும் மூன்று மா நிலம் உண்டு. அம்மா எங்கள் வயலில் நட்டு முடித்ததும் அடுத்தவர் வயலுக்கும் ஆள் சேர்த்துக்கொண்டு போவார்.

"யாரு வீட்டுப் பொண்ணு இது? கஞ்சிய சாக்கடையில விடுது?"

"அது படத்துக்கும்மா."

"படத்துக்குன்னாலும் கை எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார்.

அவர் அதோடு மறந்திருப்பார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் அம்மா சின்ன வயதில், தன் அம்மா வேலை பார்த்த பெரிய வீட்டுக் கொல்லைப்புறத்தில், கஞ்சிக்காகத் தூக்குவாளியோடு காத்து நின்றவர். அதை அவர் அழுது சொன்னதில்லை, பேச்சோடு பேச்சாக இரண்டு முறை சொல்லியிருக்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். எங்கள் வீட்டில் இன்றைக்கும் கஞ்சி கீழே போகாது. உப்புப் போட்டுக் குடிப்பது போக, வேட்டிக்குப் போடுவது போக, மிச்சம் மாட்டுக்கு. இந்த வீட்டில் வளர்ந்த நான் எடுத்த படத்தில் கஞ்சி சிங்கில் போகிறது. வெளியூர்க்காரர் யாராவது எடுத்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டார் எனலாம். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் திருவாரூருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ரோட்டில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். டிரைவர் முனகிக்கொண்டே ஓரம் கட்டி ஓரம் கட்டிப் போனார். படத்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். உண்மையைச் சொன்னால் அதில் கொஞ்சம் ஓடி ஒளிகிற எண்ணமும் இருந்தது.

அக்கா சமையலறையில் இருந்தார். "உள்ளேயே வாங்கம்மா, உலை கொதிக்குது" என்றார். ஹாலில் சோபாவுக்குப் பின்னாலும் பக்கத்திலும் பெட்டிகள் அப்படியே அடுக்கியிருந்தன. அவற்றைப் பார்க்காமல் தாண்டிப் போனேன்.

நான் பேச்சை ஆரம்பிப்பதற்குள் அவர் சோற்றைப் பதம் பார்த்து, பானையை இறக்கி, தன் வடிதட்டை மேலே வைத்து, இரண்டு கிளிப்பையும் தட்டினார். டக், டக். பானையைக் கஞ்சிச் சட்டியின் விளிம்பில் சாய்த்து, அடியில் ஒரு கட்டையை அண்டை கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கஞ்சி பின்னால் அதன் பாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது. அவர் திரும்பியே பார்க்கவில்லை. எனக்குத்தான் கண் அங்கேயே போனது.

"விழுந்துடாதாக்கா?"

"விழாம இருக்கத்தானேம்மா கிளிப்பு. பழைய தட்டுன்னா இந்நேரம் நான் அங்கதான் நிப்பேன். ஒரு கண்ணு இங்க, ஒரு கண்ணு அங்க. அப்படிப் பாத்துக்கிட்டு இருந்தப்பவே தானே கையில கொட்டிச்சு."

"நம்ம படத்துல அந்தப் பொண்ணு பிடிச்சுக்கிட்டே நிக்குது."

"ஆமா."

"உங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சுதா?"

அக்கா முந்தானையைச் சரி செய்துகொண்டார். "தெரிஞ்சுது. சொல்லலாம்னுதான் வாய எடுத்தேன். நீங்க மெட்ராஸ்ல தொழில் கத்துக்கிட்டவங்க, எவ்வளவோ பெரிய கம்பெனிக்கு எடுத்தவங்க. நமக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தன் கையைப் பொசுக்கிக்கொண்டு, தானே யோசித்து, தானே வரைந்து ஒரு பொருளைச் செய்த பெண், எனக்கு முன்னால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அப்படி நினைக்க வைத்தது என் போர்டும் என் தோரணையும்தான். மன்னிப்புக் கேட்க வந்தவள் அதை மறந்துவிட்டேன்.

"அக்கா, இங்கேயே எடுக்கிறேன். உங்க அடுப்படியில. நாளைக்கே."

"முகம் வராம எடுப்பீங்களாம்மா?"

"முகமும் வேண்டாம், கையும் வேண்டாம்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது புரிந்தது. இந்தத் தட்டின் பெருமையே அதைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்க வேண்டாம் என்பதுதான். அதைக் காட்டாமல் வேறு என்னத்தைக் காட்டுவது?

மறுநாள் கேமராவையும் ஒரு ஸ்டாண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். விளக்குகளை வேண்டுமென்றே ஸ்டுடியோவில் வைத்துவிட்டேன். அந்தச் சமையலறையில் கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல், கொல்லைக் கதவு ஒன்று. வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால்தான் கஞ்சி விழுவது கயிறு போலத் தெரியும். புழுங்கலரிசிக் கஞ்சி வெள்ளையாக இருக்காது, கொஞ்சம் மங்கலாக, கெட்டியாக இருக்கும். ஸ்டுடியோ விளக்கில் அதைக் குறை என்று நினைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அது பட்டுப் போல விழுந்தது.

ஆனால் ஒரு கஷ்டம். கஞ்சி கயிறாக விழுவது கொஞ்ச நேரம்தான். அப்புறம் நூலாகி, சொட்டாகிவிடும். ஒரு உலைக்கு ஒரே வாய்ப்பு. முதல் உலையில் ஆவி ஜன்னலை மறைத்துவிட்டது. இரண்டாவது உலையில் எல்லாம் சரியாக இருந்து, படம் மட்டும் செத்துப்போய் இருந்தது. ஒரு பானை, ஒரு சட்டி, ஒரு சுவர். வீட்டில் ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. வடித்த சோற்றை அக்கா மூலைக்கு மூலை தாம்பாளங்களில் ஆற வைத்தார். புளியோதரை கிளறிக் கடைப் பையன்களுக்கும் தெருவுக்கும் கொடுத்துவிடலாம், வீணாகாது என்றார். கஞ்சிக்குக் கவலையே இல்லை. தினமும் வீடுவீடாகக் கழுநீர் எடுக்கிற மாட்டுக்கார அம்மா கொல்லையில் வந்து நின்றுகொண்டு, "இன்னிக்கு என்ன விசேஷம், இவ்வளவு கஞ்சி?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது வாளியையும் நிரப்பினார்.

மூன்றாவது உலைக்கு அரிசி போட்டோம். எனக்கு முதுகு வலித்தது. அக்காவுக்கும் அலுத்திருக்க வேண்டும், முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. சோறு பதமானது. இறக்கினார். டக், டக். சாய்த்தார், அண்டை கொடுத்தார், விலகினார். அந்த நேரம் பார்த்து ஹாலிலிருந்து அவர் மகள் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அத்தா லைன்ல இருக்காங்க."

அக்கா போனை வாங்கிக்கொண்டு, உள்ளே சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பதால், பழக்கத்தில் கொல்லைக் கதவுக்குப் போய் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். முதுகு என் பக்கம். முக்காடு தோளில் விழுந்து கிடக்க, வீடியோவில் கணவரைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். முன்னால் பானை சாய்ந்திருக்கிறது, கிளிப் கவ்வியிருக்கிறது, கஞ்சி கயிறாகச் சட்டியில் விழுகிறது. அதைச் செய்தவள் அதை அடியோடு மறந்துவிட்டு நிற்கிறாள். என் விரல் தானாக அழுத்தியது. ஒரே ஒரு முறைதான் என்று பிறகு ஜம்பமாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஒன்பது முறை. அதில் நான்காவதுதான் அந்தப் படம்.

திரையில் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருடத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்திருப்பேன். ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று தோன்றியதில்லை. இதை அன்று சாயங்காலம் அம்மாவிடம் காட்டினேன். அவர் அக்காவைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. விரலால் சட்டியைத் தொட்டுக் காட்டி, "நல்ல அரிசி. கஞ்சி கெட்டியா இருக்கு" என்றார். எந்த விருதுக்கும் நான் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பழைய படத்தை நீக்கிவிட்டு இதைப் போட்டோம். ஒரே ராத்திரியில் அதிசயம் நடந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். முதலில் மாறியது கேள்விகள்தான். எங்கள் வீட்டு அலுமினியக் குண்டானுக்குச் சேருமா? ஒரு படி அரிசிப் பானைக்குப் பெரிய சைஸ் உண்டா? கிளிப் தளர்ந்தால் மாற்றித் தருவீர்களா? தினமும் சோறு வடிக்கிறவர்கள் கேட்கிற கேள்விகள். அவற்றைப் படிக்கும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின. சோபாவின் ஒரு கை தெரிகிறது என்று அக்கா ஒரு நாள் போட்டோ அனுப்பினார். இன்னொரு நாள் சாய்மானம் தெரிகிறது என்று அனுப்பினார். அந்த இரண்டு போட்டோவும் கை ஆடி எடுத்தவை. நான் அவற்றை அழிக்கவில்லை.

கணவர் லீவில் வந்ததும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் போனபோது ஹாலில் சோபா முழுசாக இருந்தது, அவர் அதில்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மீதமிருந்த கடைசிப் பெட்டி பிரித்துக் கிடந்தது. அதிலிருந்த தட்டுகளைத் துணியில் சுற்றித் தன் பயணப் பெட்டிக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. எங்க ரூம்ல எட்டுப் பேரு, முறை வச்சு சமைப்போம். சோறு வடிக்கிற முறை வந்தா ஒருத்தரும் முன்ன வர மாட்டாங்க, கையில கொட்டிக்காத ஆளே இல்ல" என்றார். "பக்கத்து ரூம்லயும் கேட்டிருக்காங்க."

"படத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பாராட்டுக்கு ஏங்குவதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை.

அவர் சிரித்துவிட்டார். "ரூம்ல அத்தனை பேருகிட்டயும் காட்டிட்டேன். இந்தப் படத்துல நானும் இருக்கேன்னு சொன்னேன். ஒருத்தனும் நம்பல. எங்கடா இருக்கேன்னு தேடுறானுங்க. என் சம்சாரம் கையில ஒரு போன் இருக்குல்ல, அதுக்குள்ள நான்தான் இருக்கேன்னேன். அப்புறம் ஒவ்வொருத்தனா போன வாங்கி வாங்கிப் பாத்தானுங்க."

அந்தப் படத்தை எடுத்தவள் நான். அதில் அவர் இருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

உள்ளேயிருந்து அக்கா, "சோறு பதமாயிடுச்சு" என்றார். "நீ வந்து உக்காரு, நான் பாத்துக்கிறேன்" என்று அவர் எழுந்து போனார். டக், டக் என்று இரண்டு சத்தம் கேட்டது. பானையைச் சாய்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி சோபாவில் உட்கார்ந்தார். அக்காவும் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் இரண்டு பேருக்கும் நடுவில் இடம் பிடித்துக்கொண்டாள். சமையலறையில் கஞ்சி வடிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் மூன்று பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.